வாலிபர் ஐக்கியத்தில் உறவு என்று எதைச் சொல்கிறோம், அதை எப்படி நடத்துவது?

கேள்வியின் சாரம் இது. கேட்டவர் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில், அதன் இளைஞர் அமைப்பான வாலிபர் ஐக்கியத்தின் செயலாளராகப் புதிதாகப் பொறுப்பேற்றவர். பெயர்ப் பட்டியலில் 38 பேர் இருக்கிறார்கள், ஞாயிறு மாலைக் கூட்டத்துக்கு வருவது 12 அல்லது 14 பேர். வெளியூரிலிருந்து நல்ல பேச்சாளர்களை அழைத்துப் பார்த்தாயிற்று, புது கீபோர்டும் வாங்கியாயிற்று. இரண்டு வாரம் கூட்டம் ஏறுகிறது, மூன்றாம் வாரம் பழையபடி இறங்குகிறது. பயிற்சி முகாமில் 'வாலிபர் ஊழியம் என்றால் உறவுதான்' என்று சொல்லி அனுப்பினார்கள். ஊருக்கு வந்து அதை எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்கிறார்.

பட்டியலை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். வராத 24 பேரின் பெயருக்கு எதிரே ஒரு விஷயம் எழுதுங்கள்: கூட்டத்தைப் பற்றி அல்லாமல் வேறு எதையாவது பற்றி இவனோடு பத்து நிமிடம் கடைசியாகப் பேசியவர் சபையில் யார், எப்போது? பெரும்பாலான சபைகளில் அந்தக் கட்டம் காலியாகத்தான் இருக்கும். வருகிற 14 பேருக்கு எழுதிப் பார்த்தால் நிரம்பிவிடும். பேச்சாளரும் கீபோர்டும் இந்த இரண்டு கூட்டத்தாருக்கும் பொதுதான். வித்தியாசம் அந்தக் கட்டத்தில் இருக்கிறது.

உறவு என்ற சொல்லைக் கருத்தரங்குகள் தேய்த்து வைத்திருக்கின்றன. வேலைக்கு ஆகிற மாதிரிச் சொன்னால் மூன்று காரியம்: அவனை அவன் பெயரோடும் வீட்டோடும் பரீட்சையோடும் அறிந்திருப்பது; அவன் இருக்கும் இடத்துக்கு நாம் போவது; அவன் வருவதை நிறுத்திய பிறகும் அது அறுந்துபோகாமல் இருப்பது. முதல் இரண்டைப் பலர் செய்கிறார்கள். மூன்றாவதில்தான் வண்டி நிற்கிறது.

நிற்பதற்குக் காரணம், உறவைத் தூண்டிலாக வைத்துக்கொள்வதுதான். பையனோடு ஷட்டில் விளையாடுவது கூட்டத்துக்கு அழைக்க, டீ வாங்கித் தருவது ரிட்ரீட்டில் (வெளியே தங்கி நடத்தும் முகாமில்) பேர் சேர்க்க. பதினாறு வயதுப் பையன் இதை மோப்பம் பிடிக்க ஒரு மாதம் போதும். அடுத்த முறை போன் அடித்தால் 'அண்ணன் கூப்பிடுறாருன்னா ஏதோ புரோகிராம்' என்று எடுக்கவே மாட்டான். ஆகவே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: நான்கு முறை பேசினால் மூன்று முறை கூட்டம், பாட்டு, நன்கொடை எதுவும் வாயில் வரக்கூடாது.

இதில் நம் சபைகள் கத்தோலிக்கரிடமிருந்து படிக்க வேண்டியது ஒன்று உண்டு. இத்தாலியின் டூரின் நகரில் தெருப் பையன்கள் நடுவே உழைத்த குரு ஜான் போஸ்கோ (1815–1888). 1841 டிசம்பர் 8 அன்று அவர் பூசைக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது, கோவில் பணியாளர் ஒரு பையனை அடித்து விரட்டுகிறார். பூசையில் உதவத் தெரியாதவனுக்கு உள்ளே என்ன வேலை என்பது அவர் கோபம். போஸ்கோ, 'அவன் என் நண்பன், கூப்பிடுங்கள்' என்று அழைத்து விசாரிக்கிறார். அப்பா இல்லை, அம்மாவும் இல்லை. எழுதத் தெரியுமா, பாடத் தெரியுமா என்றால் எல்லாவற்றுக்கும் இல்லை என்றே பதில். கடைசியில், 'விசிலடிக்கத் தெரியுமா?' என்கிறார். பையன் சிரித்துவிடுகிறான். அன்றைக்கு அந்த ஒருவனுக்குச் சிறிது நேரம் மறைக்கல்வி; அதிலிருந்துதான் தன் வேலை வளர்ந்தது என்று அவரே குறித்திருக்கிறார். அவர் தொடங்கிய சலேசிய துறவற சபையார் 1906இல் தஞ்சாவூருக்கு வந்து சேர்ந்தார்கள். விசில் கேள்வியைக் கவனியுங்கள். தெரியாதவற்றையே கேட்டுக்கொண்டு போனால் பையன் குறுகிப்போவான். அவனால் முடிந்த ஒன்றைத் தொடும் வரை கேட்டுப் போவதுதான் அதிலுள்ள வித்தை. 'பைபிள் வாசிக்கிறியா, ஜெபிக்கிறியா, பாட்டுக்குழுவுக்கு ஏன் வரல?' என்று நாம் கேட்கும் மூன்றும் இல்லை என்ற பதிலுக்கே கட்டிய கேள்விகள்.

அதே போஸ்கோ 1884 மே மாதம் ரோமிலிருந்து தம் ஆட்களுக்கு எழுதிய கடிதத்தில் விளையாட்டுத் திடலைப் பற்றிப் பேசுகிறார். முன்பு பெரியவர்கள் பையன்களோடு ஓடி விளையாடினார்கள், இப்போது ஓரமாக நின்று காவல் காக்கிறார்கள், அதனால்தான் பையன்கள் மூலையில் ஒதுங்குகிறார்கள் என்பது அவர் குறை. பிள்ளைகளை நேசிப்பது மட்டும் போதாது, தாங்கள் நேசிக்கப்படுவது அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதும் அந்தக் கடிதத்தில்தான் வருகிறது. உங்கள் சபை வளாகத்தில் ஆராதனை முடிந்த பத்து நிமிடம் பாருங்கள். பெரியவர்கள் வாசலில் ஒரு வட்டம், பையன்கள் பைக் ஸ்டாண்டில் ஒரு வட்டம். நடுவில் ஆள் நடமாட்டமே இருக்காது.

இனி கணக்கு. ஒரு ஆள் வேலைக்கும் போய், குடும்பத்தையும் பார்த்துக்கொண்டு, எத்தனை பிள்ளைகளை உண்மையாக அறிந்திருக்க முடியும்? ஐந்து, மிஞ்சினால் ஆறு. கர்த்தரே பன்னிருவரைத் தெரிந்துகொண்டபோது மாற்கு முதலில் சொல்லும் நோக்கம், அவர்கள் தம்மோடுகூட இருக்க வேண்டும் என்பது. பிரசங்கிக்க அனுப்புவது அதற்கு அடுத்துதான் வருகிறது. நாம் பன்னிரண்டுக்கே ஆசைப்பட வேண்டாம். 38 பேர் என்றால் ஏழு சிறு குழு, குழுவுக்கு இரண்டு பொறுப்பாளர், ஆக 14 பேர் வேண்டும். அத்தனை வாலிபர் தலைவர்கள் உங்களிடம் இல்லை, தெரியும். அதனால்தான் வாலிபர்களுக்குள்ளேயே தேடாதீர்கள். ஐம்பது வயது மெக்கானிக், ஓய்வுபெற்ற ஆசிரியை, பாட்டுக்குழுவில் பின்வரிசையில் நிற்கும் தாத்தா, இவர்களெல்லாம் ஆகும். மேடைப்பேச்சு வர வேண்டியதில்லை. காதும் வாயைக் கட்டும் பழக்கமும் இருந்தால் போதும். ஏழு குழுவை ஒரேயடியாகத் தொடங்கவும் வேண்டாம். சரியான ஆள் நான்கு பேர் கிடைத்தால் இரண்டு குழு ஓடட்டும், ஆறு மாதம் கழித்து மூன்றாவது. தகுதியில்லாத ஆளை எண்ணிக்கைக்காக நிறுத்தினால் பிறகு எடுப்பது பெரும்பாடு, சபைக்குள் சண்டையாகவே முடியும்.

பொறுப்பாளர் நண்பனாகிவிட வேண்டும் என்று சிலர் நினைத்துக்கொண்டு, இருபத்தெட்டு வயதில் பதினைந்து வயதுப் பேச்சைப் பேசுகிறார்கள். பிள்ளைகளுக்கு நண்பர்கள் வகுப்பிலேயே இருக்கிறார்கள். இல்லாதது அண்ணனும் அக்காவும்தான். தமிழில் இந்த முறைப்பேர்களுக்கு எடை உண்டு. 'பிரதர்' என்றால் ஒரு கைகுலுக்கலோடு முடியும், 'அண்ணே' என்றால் பரீட்சைக் கட்டணம் வரை வரும். எது உங்களை நோக்கி வருகிறது என்று கேட்டுப் பாருங்கள், உங்கள் நிலை தெரிந்துவிடும்.

அடுத்து, கூட்டத்தின் நேரத்தைப் பிரித்துப் பாருங்கள். வழக்கமான ஒன்றரை மணி நேரத்தில் பாட்டு 25 நிமிடம், ஜெபம் 15, செய்தி 40, அறிவிப்பும் ஆசீர்வாதமும் 10. பிள்ளைகள் ஒருவரோடொருவர் பேச இதில் ஒரு நிமிடமும் இல்லை. உறவு முழுக்க பைக் ஸ்டாண்டுக்குப் போய்விடுகிறது. மாற்றி வைக்கலாம்: முதல் 15 நிமிடம் டீயும் பேச்சும், பாட்டு 15, செய்தி 20, சிறு குழு 30, ஜெபம் 10. டீ ஆரம்பத்தில் வர வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. கடைசியில் வைத்தால் பஸ்ஸுக்கு ஓடுகிறவனும், ஏழு மணிக்குள் வீடு திரும்ப வேண்டிய பெண்பிள்ளைகளும் அதை இழப்பார்கள், உறவு பைக் வைத்திருக்கிற பையன்களுக்கு மட்டும் ஆகிவிடும். செய்தியைக் குறைத்தால் வசனம் குறைந்துவிடுமே என்று மூப்பர் ஒருவர் எழுந்து கேட்பார். துரோவா என்ற ஊரில் அப்போஸ்தலன் பவுல் நடுராத்திரி வரை பேசினபோது ஜன்னலில் இருந்த ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்ததை அவருக்கு நினைவுபடுத்தலாம். பவுல் பேச்சை நிறுத்தி, இறங்கிப் போய், அவனை அணைத்துக்கொண்டார் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். வசனம் குறைய வேண்டியதில்லை. 20 நிமிடச் செய்தியின் பகுதியையே சிறு குழு மறுபடி வாசிக்கிறது. வசனமே இல்லாத உறவு ஒரு கிரிக்கெட் கிளப்பாகிவிடும். அதற்குச் சபை தேவையில்லை.

ஒவ்வொரு குழுவுக்கும் 40 பக்க நோட்டு ஒன்று போதும். பெயர், பிறந்தநாள், படிப்பு, அடுத்த பரீட்சைத் தேதி, வீட்டில் யார் யார், கடைசியாகப் பேசிய நாள். அவ்வளவுதான். பிள்ளை மனம்விட்டுச் சொன்னவற்றை அதில் எழுதவே கூடாது. நோட்டு பைக் பெட்டியிலும் சபை அலமாரியிலும் கிடக்கும், யார் கையிலும் அகப்படும். பரீட்சைத் தேதிக்குத் தனி இடம் ஏன் என்றால், மார்ச் மாதத்தில் பிளஸ் டூ எழுதுகிறவனுக்குத் தேர்வுக்கு முந்தின மாலை வருகிற ஒரு நிமிடப் போன், ஆண்டு முழுவதும் கேட்ட செய்திகளைவிட அதிக நாள் நினைவில் நிற்கும்.

வராதவரை விசாரிப்பதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும். ஒரு வாரம் வராவிட்டால் ஒன்றும் செய்ய வேண்டாம். எல்லாருக்கும் கல்யாண வீடு உண்டு, காய்ச்சல் உண்டு. இரண்டாவது வாரம் குழுப் பொறுப்பாளர் தனியாக ஒரு செய்தி அனுப்பட்டும். மூன்றாவது வாரம் நேரில் போக வேண்டும். நான்கு வாரம் தாண்டினால் 'நான் இல்லாதது யாருக்கும் தெரியல' என்ற முடிவுக்கு அவன் வந்துவிடுவான், பிறகு போவது சமாதானம் பேசப் போவதுபோல் ஆகும். வாட்ஸ்அப் பொதுக் குழுவில், 'ஜெபா, ஏன் ரெண்டு வாரமா காணோம்?' என்று 38 பேர் பார்க்கக் கேட்பது விசாரணை அல்ல, தண்டனை. முதல் வாக்கியத்திலேயே காரியம் கெட்டுப்போகிற இடம் இது. 'ஏன் வரல?' என்றால் பதில் பொய்யாகத்தான் வரும். 'மாடல் எக்ஸாம் முடிஞ்சுதா? பிசிக்ஸ் எப்படி இருந்துச்சு?' என்றால் பதில் வரும். அதற்குப் பின்னால் காரணமும், கொஞ்ச நாள் கழித்தாவது, தானாக வரும்.

வீட்டுச் சந்திப்பு நம் சபைகளுக்குப் பழக்கமானதுதான், ஆனால் போதகர் வருகைபோல் நடத்தினால் வாலிபனுக்கு உதவாது. முந்தின நாளே பெற்றோருக்குப் போன் செய்யுங்கள். இருவராகப் போங்கள், பெண்பிள்ளை வீடு என்றால் அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். அரை மணிக்கு மேல் வேண்டாம். போய் உட்கார்ந்து காபி டம்ளர் கைக்கு வந்ததும் நடப்பது இதுதான்: அம்மா கதவோரம் நின்றபடி, "தம்பி, நீங்களாவது இவனுக்குப் புத்தி சொல்லுங்க. எந்நேரமும் போனுதான். சொன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறான்" என்பார். பையன் தரையைப் பார்ப்பான். அந்த நொடியில் 'அம்மா சொல்றதைக் கேக்கணும்பா' என்று ஒரு வார்த்தை விட்டால் கதை முடிந்தது. நீங்கள் அம்மா கூட்டிவந்த ஆள் ஆகிவிட்டீர்கள். அம்மாவை மறுத்துப் பேசவும் கூடாது, அவர் மரியாதை போகும். "சரிங்கம்மா, நாங்க ரெண்டு பேரும் கொஞ்சம் பேசிக்கிறோம்" என்று சிரித்துக்கொண்டு, பையனிடம் அவன் மேசையில் கிடக்கும் எதையாவது கேட்டு நகருங்கள். பிறகு அவனை வாசல் திண்ணைக்கோ தெருமுனைக் கடைக்கோ, அம்மாவிடம் சொல்லிவிட்டு, கூட்டிக்கொண்டு போகலாம். கிளம்பும்போது சின்ன ஜெபம், இரண்டு நிமிடம். அந்த ஜெபத்துக்குள் 'ஆண்டவரே, இந்தத் தம்பி பெற்றோருக்குக் கீழ்ப்படிய...' என்று புத்திமதியை ஒளித்து வைக்காதீர்கள். பிள்ளைகளுக்கு அது நன்றாகவே கேட்கும்.

கேட்கத் தெரிவதுதான் இந்த வேலையில் மிகக் கடினம், அதைவிடக் கடினம் சும்மா இருப்பது. ஒருவன் 'அப்பா மறுபடி குடிக்க ஆரம்பிச்சுட்டாரு' என்று சொன்னால் நம் வாயில் உடனே ஒரு வசனம் வந்து நிற்கும். அடக்குங்கள். மனதுக்குள் ஏழு எட்டு எண்ணும் வரை அமைதியாக இருந்தால் பெரும்பாலும் அவனே தொடர்வான். அந்த இரண்டாவது வாக்கியத்தில்தான் விஷயம் இருக்கும். எம்மாவு ஊருக்குப் போகும் சாலையில் உயிர்த்தெழுந்த இயேசு, சீடர் இருவரோடு சேர்ந்து நடந்து, என்ன பேசிக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்டு, அவர்கள் முழுக்கதையையும் சொல்லி முடிக்க விட்டார். வேதவாக்கியங்களை விவரித்தது அதற்குப் பிறகு.

பையன்கள் எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் பேசமாட்டார்கள். கை வேலையாக இருக்க வேண்டும், முகம் வேறு பக்கம் இருக்க வேண்டும். மைக் ஒயர் சுருட்டும்போது, அசன விருந்துக்கு வெங்காயம் உரிக்கும்போது, பந்திக்கு வாளி தூக்கும்போது வருகிற பேச்சு சிறு குழுவில் வராது. கேரல் ரவுண்ட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் பனியில் நாலைந்து இரவு வீடு வீடாகப் பாடி, தொண்டை கட்டி, வேனில் நெருக்கியடித்துத் திரும்புகிற பிள்ளைகள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதுபோல் வேறெங்கும் அறிவதில்லை. சபையின் ஆண்டறிக்கையில் அது நிதி திரட்டல் என்ற தலைப்பில் போகும். வாலிபர் ஊழியம் என்ற தலைப்பின் கீழ் போக வேண்டியது அதுதான் என்பது என் எண்ணம்.

யாரை யாரோடு சேர்ப்பது என்பதிலும் கண் வேண்டும். தானாக விட்டால் குழுக்கள் தெரு வாரியாக, இங்கிலீஷ் மீடியம் தமிழ் மீடியம் வாரியாக, வெளியே சொல்லாமல் சாதி வாரியாகவும் பிரிந்து உட்காரும். நம் சபைகளில் இது இல்லை என்று சொல்பவர்கள் கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் உட்கார்ந்து பார்த்ததில்லை. 'நாமெல்லாம் ஒன்று' என்ற செய்தி அதைக் கலைக்காது. சமையல் பாத்திரம் கழுவ, ஒலிபெருக்கி பார்க்க, முதியோர் வீட்டுக்குக் கேக் கொண்டுபோக என்று வேலைகளுக்கு ஜோடி போடும்போது நீங்களே பெயர் எழுதிக் கலந்துவிடுங்கள், அதே ஜோடி மூன்று மாதம் நீடிக்கட்டும். ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட்டார்களா என்பதுதான் அளவுகோல். எதிர்ப்பு வந்தால் பெற்றோரிடமிருந்துதான் வரும், போதகரை முன்கூட்டியே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம்பிக்கையை உடைப்பதில் தமிழ்ச் சபைகளுக்கென்று ஒரு தனி வழி உண்டு: ஜெபக்குறிப்பு. 'பேர் சொல்ல விரும்பல, பிளஸ் ஒன் படிக்கிற நம்ம தங்கச்சி ஒருத்திக்காக ஜெபிச்சுக்கோங்க, தப்பான பழக்கத்துல இருக்கா' என்று சொன்னால், பிளஸ் ஒன் படிப்பவர்கள் சபையில் மூன்றே பேர். மாலைக்குள் தெரு முழுக்கத் தெரியும். புறங்கூறுகிறோம் என்ற உறுத்தல்கூட யாருக்கும் இராது, ஏனென்றால் ஜெபித்தார்கள். பிள்ளையின் வாயிலிருந்து அனுமதி வராமல் அதன் காரியம் ஜெபக்குறிப்பாகக்கூட வெளியேறக் கூடாது என்று பொறுப்பாளர் எல்லாரிடமும் எழுத்தில் வாங்குங்கள்.

ஆனால் 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்ற சத்தியமும் செய்யக்கூடாது. 'உன் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால் உதவக்கூடியவர்களிடம் சொல்லியே ஆகணும், உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சட்டமும் இதைத்தான் கேட்கிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயது நிறையாத எவரும் குழந்தையே. பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தாலோ நடக்கக்கூடும் என்று அஞ்ச இடமிருந்தாலோ காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. தெரிவிக்கத் தவறினால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தமக்குக் கீழ் உள்ளவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. 'சபைக்குள் பேசி முடித்துக்கொள்வோம்' என்று கமிட்டி சொன்னாலும் இந்தக் கடமை நீங்காது. குற்றம் சாட்டப்பட்டவரை அழைத்து நீங்களே விசாரிப்பது, பிள்ளையை அவர் முன்னால் நிறுத்துவது இரண்டும் வேண்டாம். குழந்தைகள் உதவி எண் 1098க்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

உறவு ஊழியம் என்ற பெயரில்தான் தவறான ஆட்களும் உள்ளே நுழைகிறார்கள் என்பதால் வேலி முக்கியம். மூடிய அறையில் தனியாக ஒரு சிறு பிள்ளையோடு யாரும் இருக்கக்கூடாது. பார்வை படும் இடம், பேச்சு காதில் விழாத தூரம், அதுதான் சரியான இடம்; ஆலய வராந்தா, மரத்தடி. எதிர்பாலாரை, அதிலும் சிறு வயதினரை, பைக்கில் தனியாகக் கொண்டுபோய் விடுவது வேண்டாம். இரவு ஒன்பதரைக்கு மேல் தனிச் செய்தி இல்லை, தானாக அழியும் செய்தி எப்போதும் இல்லை. சிறு வயதினருக்கு யார் அனுப்புகிறார்கள் என்பது பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ரிட்ரீட்டுக்குப் பெற்றோர் கையெழுத்து, ஆண் பெண் தனித்தனி கட்டடம் அல்லது தளம், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு பெரியவர்கள், பெரியவர் எவரும் பிள்ளையோடு ஒரே படுக்கையில் படுப்பதில்லை. பணம் கடன் கொடுப்பது, போன் பரிசளிப்பது கூடாது. கட்டணம் கட்ட முடியாத பிள்ளை என்றால் போதகர் வழியாகச் சபை கட்டட்டும். 'என்னைச் சந்தேகப்படுறீங்களா?' என்று இந்த விதிகளால் புண்படுகிறவர் எவரோ, அவருக்குக் குழு கொடுப்பதை ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள்.

மே மாதத்தில் தேர்வு முடிவு வரும் வாரத்துக்குத் தனியாக ஆயத்தப்படுங்கள். முடிவு வரும் நாளன்று காலையில் குழுப் பொறுப்பாளர் ஒவ்வொருவரும் தம் பிள்ளைகளை அழைக்கட்டும், மதிப்பெண் தெரிவதற்கு முன்பே. 'செத்துடலாம் போல இருக்கு' என்று ஒரு பிள்ளை சொன்னால், அதை நேரடியாகவே கேட்கலாம்: 'தற்கொலை செய்துக்கணும்னு நினைக்கிறியா? எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கியா?' கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக விதைக்கப்படாது, சொல்ல ஆள் கிடைத்ததென்ற ஆறுதலே வரும். யோசித்து வைத்திருக்கிறேன் என்றால் தனியே விடாதீர்கள். மாத்திரை, பூச்சிமருந்து, கயிறு கைக்கு எட்டாமல் அகற்றி, பெற்றோரை வரவழைத்து, மருத்துவமனைக்குக் கூடவே போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 எந்த நேரமும் எடுக்கும், தமிழிலும் பேசலாம். அந்த இரவில் 'விசுவாசம் குறைந்துவிட்டது', 'அது பாவம்' என்ற பேச்சு எவர் வாயிலிருந்தும் வராமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை.

பொறுப்பாளர்கள் சோர்ந்துபோவதும் கணக்கில் இருக்க வேண்டும். சில சபைகளில் எல்லாம் ஓர் அண்ணனைச் சுற்றியே சுழலும். பாட்டும் அவர், செய்தியும் அவர், ராத்திரி பதினோரு மணிப் போனும் அவருக்குத்தான். அவருக்குச் சென்னையில் வேலை கிடைத்தாலோ கல்யாணம் ஆனாலோ முப்பது பிள்ளைகள் ஒரே மாதத்தில் அநாதை ஆவார்கள். பிள்ளைகள் தன்னை மட்டுமே தேட வேண்டும் என்ற ஆசை எந்தப் பொறுப்பாளருக்கும் கொஞ்சம் இருக்கும். 'என்கிட்ட மட்டும்தான் சொல்லுவான்' என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். குழுவுக்கு இருவர் என்றது இதற்காகவும்தான். ஒருவர் விலகும்போது புதியவர் மூன்று மாதம் கூடவே இருந்து, பிறகு பொறுப்பை ஏற்கட்டும். போதகர் மாறுதலாகிப் போகும்போதும் குழுக்கள் அப்படியே நடக்க வேண்டும் என்றால், அவற்றின் பட்டியலைச் சேகரக் கமிட்டியின் (சபை நிர்வாகக் குழுவின்) குறிப்பில் ஏற்றி வையுங்கள்.

திடப்படுத்தல் (கன்ஃபர்மேஷன்) வகுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல சபைகளில் அந்த ஆராதனைதான் பிள்ளைகளுக்கு வழியனுப்பு விழா. 1931–32இல் ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் பெர்லினின் ஏழைத் தொழிலாளர் பகுதியில் அடங்காத பையன்கள் கூட்டம் ஒன்றைத் திடப்படுத்தலுக்கு ஆயத்தம் செய்தார். பேராசிரியர் வீட்டுப் பிள்ளை, பல்கலைக்கழக விரிவுரையாளர். ஆனாலும் அந்தப் பகுதியிலேயே ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, பையன்கள் மாலையில் வந்து போகும்படி வைத்தார். திடப்படுத்தல் நாளுக்கு உடை தைக்கத் துணி வாங்கிக் கொடுத்தார். பாடத்தைக் கேள்வி பதிலாக ஒப்பிக்க வைத்திருந்தால் வேலை எளிதாக முடிந்திருக்கும். உங்கள் சபையில் வகுப்பு 12 வாரம் என்றால், முதல் வாரத்திலேயே ஒவ்வொரு பிள்ளைக்கும் குடும்பத்துக்கு வெளியே ஒரு பெரியவரைச் சேர்த்துவிடுங்கள். அவர் திடப்படுத்தலுக்குப் பிறகு ஓராண்டு தொடர வேண்டும்.

கடைசியாக, பிள்ளைகள் அதிகம் தொலைவது கல்லூரிக்குப் போகும்போது. கோயம்புத்தூர், சென்னை, பெங்களூர் என்று ஹாஸ்டலில் சேர்கிற பையனுக்கு அனுப்புதல் ஜெபம் ஒன்று நடத்தி பைபிள் கொடுத்து அனுப்புகிறோம். பைபிள் அவனிடம் ஏற்கெனவே இருந்தது. இல்லாதது அந்த ஊரில் ஒரு மனுஷனின் நம்பர். ஜூன் மாதத்திலேயே, அவன் போகும் ஊரில் உங்கள் சபையிலிருந்து போய்க் குடியேறிய குடும்பம் எது, அந்தக் கல்லூரியில் இ.யூ. என்ற கிறிஸ்தவ மாணவர் ஜெபக்குழு நடத்தும் சீனியர் யார் என்று கண்டுபிடியுங்கள். 'போய்ப் பாரு' என்று அவனிடம் நம்பர் கொடுத்தால் கூச்சத்தில் கூப்பிடமாட்டான். அங்கிருப்பவரிடம் அவன் நம்பரைக் கொடுத்து, அவனிடமும் சொல்லிவிடுங்கள், அவர் முதலில் அழைக்கட்டும். முதல் மூன்று ஞாயிறும் காலை எட்டு மணிக்கு இங்கிருந்து ஒரு போன் போகட்டும். மெஸ் சாப்பாடு எப்படி என்று கேட்டால் போதும். ஆராதனைக்குப் போனானா என்பது மூன்றாவது ஞாயிறு வரை பொறுக்கலாம். அவன் லீவுக்கு ஊர் வரும் முதல் ஞாயிறு எது என்று தெரிந்து வைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்கு யாரையாவது அனுப்புங்கள்.